லஞ்சமும் பாஸ்வேர்டு திருட்டும்: உள்ளூர் அரசு அலுவலகத்தில் இரண்டையும் தடுக்க முழு வழிகாட்டி

2020 ஆகஸ்டில் கள்ளக்குறிச்சி, விழுப்புரம், கடலூர் மாவட்டங்களில் ஒரு மோசடி வெளிச்சத்துக்கு வந்தது. நிலம் வைத்திருக்கும் விவசாயக் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 6,000 ரூபாயை மூன்று தவணையாகத் தரும் பிஎம் கிசான் திட்டத்தில், ஒரு சென்ட் நிலம்கூட இல்லாதவர்களின் பெயர்கள் லட்சக்கணக்கில் ஏறியிருந்தன. கொரோனா காலம், நேரில் போய்ச் சரிபார்ப்பது படுத்துவிட்டது. விண்ணப்பத்தை அங்கீகரிக்க வேண்டிய வேளாண் அலுவலகங்களின் யூசர் ஐடியும் பாஸ்வேர்டும் ஒப்பந்தப் பணியாளர்கள் வழியாக இடைத்தரகர்களிடமும் தனியார் கணினி மையங்களிடமும் போய்ச் சேர்ந்திருந்தன. அந்த ஆண்டு செப்டம்பரில் தமிழக அரசு சொன்ன கணக்குப்படி தகுதியில்லாதவர்கள் ஏறக்குறைய 5.5 லட்சம் பேர், போன பணம் 110 கோடி ரூபாய். 80 பேர் பணிநீக்கம், 34 பேர் பணியிடை நீக்கம். சிபிசிஐடி விசாரணைக்குப் போனது.

இது ஊழலா, சைபர் குற்றமா? இரண்டும்தான். உள்ளூர் நிர்வாகம் கணினிக்கு மாறிய பிறகு இவை இரண்டும் ஒரே ஓட்டை வழியாகத்தான் நுழைகின்றன: அதிகாரத்தின் சாவி இருக்கக்கூடாத கையில் இருக்கும், பதிவேட்டை யாரும் எடுத்துப் பார்க்க மாட்டார்கள். அரசு சட்டமும் அமைப்பும் நிறையவே செய்து வைத்திருக்கிறது. ஆனால் அவற்றில் பெரும்பாலானவை யாராவது ஒருவர் புகார் கொடுத்தால்தான், கேள்வி கேட்டால்தான் நகரும். அந்த ஒருவர் என்னென்ன செய்ய வேண்டும் என்பதைத் தமிழ்நாட்டை வைத்து வரிசையாகச் சொல்கிறேன்.

படி 1: எந்தப் புகார் எந்த வாசலுக்கு

தவறான வாசலில் கொடுத்த மனு மாதக்கணக்கில் மேசை மேசையாகச் சுற்றும். அதனால் இதை முதலில் தெரிந்துகொள்ளுங்கள்.

கையில் பணம் கேட்கிறார்கள் என்றால் லஞ்ச ஒழிப்புத் துறை. 1964-ல் தொடங்கப்பட்ட மாநில அமைப்பு. மாவட்டங்களில் அதன் பிரிவுகள் உண்டு. மாநில அரசு ஊழியர், ஊராட்சி, நகராட்சி, மாநகராட்சி எல்லாம் இதன் எல்லைக்குள் வரும். தபால், ரயில்வே, தேசிய வங்கி போன்ற மத்திய அரசு ஊழியர் என்றால் சிபிஐ.

உள்ளாட்சியில் நிர்வாக முறைகேடு, அதாவது போடாத சாலைக்குப் பில், தகுதியானவரைத் தள்ளிவிட்டு வேண்டியவருக்கு ஒதுக்கீடு என்றால் 2014-ம் ஆண்டுச் சட்டப்படி அமைந்த உள்ளாட்சி முறைமன்ற நடுவம் இருக்கிறது. இப்படி ஒன்று இருப்பதே பலருக்குத் தெரியாது. ஊராட்சித் தலைவர் மீதான நடவடிக்கைக்கு மாவட்ட ஆட்சியர்தான் ஊராட்சிகளின் ஆய்வாளர். 1994-ம் ஆண்டு ஊராட்சிகள் சட்டத்தின் 205-வது பிரிவு அவருக்கு அந்த அதிகாரத்தைத் தருகிறது.

வேலை தாமதம் மட்டும்தான், பணம் யாரும் கேட்கவில்லை என்றால் 1100-க்கு அழைத்து முதல்வரின் முகவரித் துறையில் பதியுங்கள். ஆன்லைனில் பணம் பறிபோனால் 1930. இந்த இரண்டு எண்ணையும் குழப்பிக்கொள்ளக் கூடாது.

படி 2: குற்றம் சாட்டும் முன் காகிதத்தைக் கையில் எடுங்கள்

"எங்கள் தெரு ரோட்டில் ஊழல்" என்று எழுதினால் "விசாரிக்கப்பட்டது, முகாந்திரம் இல்லை" என்று ஒரு வரியில் பதில் வரும். அதே புகாரில் எஸ்டிமேட் நகலும், வேலையை அளந்து எழுதும் அளவுப் புத்தகமான எம்-புக்கின் பக்கமும் இணைந்திருந்தால் அந்த ஒரு வரியை எழுத முடியாது.

முதலில் கிராம சபை. தமிழ்நாட்டில் ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என ஆண்டுக்கு ஆறு முறை கூட வேண்டும். வரவு செலவு அறிக்கையான படிவம் 30 அங்கே படிக்கப்பட வேண்டும், பிளக்ஸ் அடித்து மக்கள் பார்க்கும்படி வைக்கவும் வேண்டும். கூட்டத்துக்குப் போகும்போது அந்த பிளக்ஸைப் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். அதோடு தீர்மானப் புத்தகத்தில் என்ன எழுதியிருக்கிறது என்பதைப் படித்துப் பார்த்த பிறகு கையெழுத்துப் போடுங்கள். வெற்றுப் பக்கத்தில் வருகைக் கையெழுத்து மட்டும் வாங்கிக்கொண்டு தீர்மானத்தைப் பிறகு நிரப்பும் பழக்கம் சில ஊர்களில் உண்டு. அந்தக் கையெழுத்து பின்னால் உங்களுக்கே எதிராக வரும்.

அடுத்து, வீட்டிலிருந்தே பார்க்கக்கூடியது. 2020 ஏப்ரலில் மத்திய அரசு தொடங்கிய ஈகிராம்ஸ்வராஜ் தளத்தில் உங்கள் ஊராட்சியின் ஆண்டுத் திட்டமும், நிதிக்குழு மானியத்திலிருந்து யாருக்கு எவ்வளவு பட்டுவாடா ஆனது என்பதும் இருக்கும். மேரி பஞ்சாயத்து செயலியிலும் பார்க்கலாம். ஊரில் நடக்காத வேலை அதில் முடிந்ததாக இருந்தால் அந்தப் பக்கத்தை அன்றே சேமித்து வையுங்கள்.

அப்புறம் தகவல் அறியும் உரிமைச் சட்டம். 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டிய மனு, பொதுத் தகவல் அலுவலர் பெயருக்கு. எழுதும் விதத்தில்தான் எல்லாம் இருக்கிறது. "ஏன் சாலை பெயர்ந்தது?" என்று கேட்டால் பதில் வராது, காரணம் சொல்வது அவர் கடமை இல்லை, ஆவணம் தருவதே கடமை. இப்படிக் கேளுங்கள்: "இன்ன ஆண்டில் இன்ன தெருவில் போடப்பட்ட சிமென்ட் சாலையின் மதிப்பீடு, பணி ஆணை, அளவுப் புத்தகத்தின் தொடர்புடைய பக்கங்கள், பட்டியல், பணி நிறைவுச் சான்று ஆகியவற்றின் நகல்கள் வேண்டும்." அளவுப் புத்தகத்தில் நீளம், அகலம், கனம் மூன்றும் எழுதியிருக்கும். டேப்பை எடுத்துக்கொண்டு தெருவில் அளந்து பாருங்கள். அதைவிடப் பெரிய உரிமை ஒன்று அதே சட்டத்தின் 2(ஜே) பிரிவில் இருக்கிறது: வேலையை நேரில் ஆய்வு செய்யவும், பயன்படுத்திய பொருளின் சான்றளிக்கப்பட்ட மாதிரியைப் பெறவும் குடிமகன் கேட்கலாம். இதைக் கேட்பவர் மிகக் குறைவு. நிறையப் பேர் கேட்கத் தொடங்கினால் கான்ட்ராக்டர் சிமென்டைக் குறைக்கும் முன் யோசிப்பார்.

பதிலுக்கு 30 நாள். வரவில்லை என்றால் அடுத்த 30 நாளுக்குள் அதே துறையின் மேல்முறையீட்டு அலுவலருக்கு, அதுவும் சரிவரவில்லை என்றால் 90 நாளுக்குள் மாநிலத் தகவல் ஆணையத்துக்கு. காரணமில்லாமல் இழுத்தடித்த அலுவலருக்கு நாளொன்றுக்கு 250 ரூபாய், அதிகபட்சம் 25,000 ரூபாய் வரை அபராதம் விதிக்கலாம். ஒரு எச்சரிக்கை: தனிநபர் தகவல் தொடர்பான விலக்கு, தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்த பிறகு இறுகியிருக்கிறது. ஆகவே ஆட்களைப் பற்றிக் கேட்காமல் வேலையைப் பற்றியும் பணத்தைப் பற்றியும் கேளுங்கள்.

படி 3: லஞ்சம் கேட்டால் நடக்க வேண்டியது

இந்தப் படியில்தான் மக்கள் அதிகம் தயங்குகிறார்கள். உள்ளே என்ன நடக்கிறது என்று தெரியாததே பாதிப் பயம். அதனால் விரிவாகச் சொல்கிறேன்.

உட்பிரிவு செய்து பட்டா மாற்ற சர்வேயர் பணம் கேட்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அங்கேயே சண்டை போடாதீர்கள். "முடியாது" என்றும் "சரி" என்றும் சொல்லாமல் "பணம் புரட்ட ரெண்டு நாள் வேணும் சார்" என்று நேரம் வாங்கிக்கொண்டு வெளியே வாருங்கள். எவ்வளவு கேட்டார், எந்த வேலைக்கு, எந்தத் தேதி, என்ன நேரம், எந்த வார்த்தைகளில் என்பதை அன்றே எழுதி வையுங்கள். போனில் பேச்சு பதிவாகியிருந்தால் அந்தப் போனைப் பத்திரமாக வையுங்கள். கோப்பை வாட்ஸ்அப்பில் நான்கு பேருக்கு அனுப்பிவிட்டு மூலத்தை அழித்துவிட்டால் நீதிமன்றத்தில் சிக்கலாகும். 2024 ஜூலை முதல் நடைமுறையில் இருக்கும் சாட்சியச் சட்டத்தின் 63-வது பிரிவு, மின்னணு ஆவணத்துக்குச் சான்றிதழ் கேட்கிறது.

பிறகு மாவட்ட லஞ்ச ஒழிப்பு அலுவலகத்துக்கு நேரில் போக வேண்டும். அதன் முகவரியும் தொலைபேசி எண்ணும் அரசு அலுவலகங்களில் வைத்திருக்கும் பலகையிலேயே இருக்கும். கையொப்பமிட்ட புகார் எழுதிக் கொடுத்ததும் முதல் தகவல் அறிக்கை பதிவாகும். அப்புறம் வேறு துறையிலிருந்து இரண்டு அரசு ஊழியர்களைச் சாட்சியாக வரவழைப்பார்கள். நீங்கள் கொண்டுவந்த நோட்டுகளின் எண்களை அவர்கள் முன்னிலையில் எழுதி, நோட்டுகளில் பினாப்தலின் பவுடர் தடவுவார்கள். கண்ணுக்குத் தெரியாது. அதைத் தொட்ட விரலை சோடியம் கார்பனேட் கரைசலில் நனைத்தால் கரைசல் இளஞ்சிவப்பாக மாறும். அதை உங்களுக்கும் சாட்சிகளுக்கும் செய்தே காட்டுவார்கள். நடந்ததைப் பதிவு செய்யும் மகஜர் எழுதிக் கையெழுத்து வாங்குவார்கள்.

கையும் களவுமாகப் பிடிக்க வைக்கும் இந்தப் பொறியில் உங்கள் வேலை இரண்டே விஷயம். அவர் வாய் திறந்து கேட்ட பிறகுதான் பணத்தைக் கொடுக்க வேண்டும். நீங்களாக நீட்டக் கூடாது. வாங்கியதும் முன்பே சொல்லி வைத்த சைகையைக் காட்ட வேண்டும். சாட்சிகளில் ஒருவர் உங்கள் கூடவே வருவார், பேச்சைக் கேட்டுக்கொண்டிருப்பார். அதிகாரிகள் உள்ளே வந்ததும் வாங்கியவரின் கைகளைக் கரைசலில் நனைப்பார்கள். நிறம் மாறிய கரைசலைப் பாட்டிலில் அடைத்து சீல் வைத்துத் தடய அறிவியல் ஆய்வகத்துக்கு அனுப்புவார்கள்.

"கேட்ட பிறகு" என்பதை இவ்வளவு அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. கேட்டதும் வாங்கியதும் இரண்டும் நிரூபணமாக வேண்டும். மேசை டிராயரில் பணம் கிடந்தது மட்டும் குற்றமாகாது. 2022 டிசம்பரில் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு இதை உறுதி செய்தது. கூடவே, புகார்தாரர் இறந்துவிட்டாலோ பிறழ்சாட்சியாக மாறினாலோ மற்ற சாட்சியங்களை வைத்துக் குற்றத்தை நிரூபிக்கலாம் என்றும் சொன்னது. வழக்கு பல ஆண்டு இழுக்கும் நாட்டில் இது பெரிய பலம். குற்றம் நிரூபணமானால் 3 முதல் 7 ஆண்டு வரை சிறை.

ஏற்கெனவே பணம் கொடுத்துவிட்டீர்களா? ஊழல் தடுப்புச் சட்டத்தின் 2018 திருத்தத்துக்குப் பிறகு லஞ்சம் கொடுப்பதும் குற்றம். ஆனால் கட்டாயத்தின் பேரில் கொடுத்தவர் 7 நாளுக்குள் புகார் செய்தால் அவர் மீது குற்றம் இல்லை. ஏழு நாள்தான், "அடுத்த மாதம் பார்த்துக்கொள்ளலாம்" என்று இருக்காதீர்கள். புகார் கொடுத்துவிட்டுப் பொறிக்காகப் பணம் கொடுப்பவருக்கும் பாதுகாப்பு உண்டு.

டெண்டரில் சாய்வு, ஒப்புதலில் முறைகேடு போன்ற முடிவு சார்ந்த புகார்கள் இவ்வளவு வேகமாக நகராது. அவற்றை விசாரிக்கவே அதே சட்டத்தின் 17ஏ பிரிவுப்படி அரசின் முன் அனுமதி வேண்டும். நேர்மையான அதிகாரியைப் பொய்ப் புகாரிலிருந்து காக்க வந்த பிரிவு என்கிறார்கள். என் பார்வையில், யார் மேல் புகாரோ அவர் சார்ந்த நிர்வாகத்திடமே அனுமதி கேட்பது புகாரை ஆறப்போடும் வழியாகத்தான் முடிகிறது. கையும் களவுமாகப் பிடிக்கும் வழக்குக்கு இந்த அனுமதி தேவையில்லை.

படி 4: சாவி யார் கையில் என்று பாருங்கள்

இது ஊராட்சித் தலைவர்களுக்கும் செயலர்களுக்கும் கணினி இயக்குபவர்களுக்கும். கேள்வி கேட்கும் மக்களுக்கும்தான்.

ஈகிராம்ஸ்வராஜில் பணப் பட்டுவாடா டிஜிட்டல் கையொப்பத்தால் நடக்கிறது. ஒருவர் பில்லைத் தயாரிப்பார், இன்னொருவர் சரிபார்த்து அனுப்புவார். இரண்டு பேர், இரண்டு தனித்தனி டோக்கன். தகவல் தொழில்நுட்பச் சட்டப்படி அது மையால் போட்ட கையெழுத்துக்குச் சமம். அந்தச் சிறிய யுஎஸ்பி டோக்கன்கள் இரண்டும் ஒரே டிராயரில், பின் நம்பர் எழுதிய துண்டுச் சீட்டோடு கிடந்தால், கையெழுத்துப் போட்ட வெற்றுக் காசோலைப் புத்தகத்தை மேசையில் வைத்துவிட்டு வீட்டுக்குப் போனது போலத்தான். தலைவர் பெண்ணாக இருந்து, டோக்கன் கணவரிடமோ கான்ட்ராக்டரிடமோ இருக்கும் ஊர்களில் இது இன்னும் மோசம். பணம் போன பிறகு வழக்கு டோக்கன் யார் பெயரில் இருக்கிறதோ அவர் மேல்தான் வரும்.

ஆகவே டோக்கன் உரியவரிடம் மட்டும் இருக்கட்டும். பின் நம்பரை எங்கும் எழுதாதீர்கள். ஆள் மாறினால், பதவிக்காலம் முடிந்தால் அன்றே பழைய டோக்கனையும் லாகினையும் முடக்கச் சொல்லி வட்டார வளர்ச்சி அலுவலர் (பிடிஓ) அலுவலகத்துக்கு எழுத்தில் கொடுத்து, நகலில் முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். மற்றவர் பாஸ்வேர்டையோ டிஜிட்டல் கையொப்பத்தையோ மோசடியாகப் பயன்படுத்தினால் அதே தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66சி பிரிவில் 3 ஆண்டு வரை சிறை, ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம். "சார்தான் பாஸ்வேர்டு கொடுத்தார்" என்று சொல்லித் தப்பிவிடலாம் என்று கணினி இயக்குபவர் நம்பி இருக்க வேண்டாம்.

கருவியை வைத்தால் மட்டும் ஊழல் நிற்காது என்பதற்கு 100 நாள் வேலையின் வருகைப்பதிவுச் செயலியே சாட்சி. 2023 ஜனவரி 1 முதல் வேலை நடக்கும் இடத்தில் தொழிலாளர்களைப் படம் எடுத்து ஏற்றுவது கட்டாயமானது. போலி வருகையைத் தடுக்கத்தான். ஆனால் போட்டோவையே போட்டோ எடுத்து ஏற்றுவதும், வேலைக்குச் சம்பந்தமில்லாத படத்தை ஏற்றுவதும் நடப்பதாக 2025 ஜூலையில் மத்திய ஊரக வளர்ச்சித் துறையே மாநிலங்களுக்குச் சுற்றறிக்கை அனுப்பியது. ஏற்றிய படத்தை யாரும் பார்க்காவிட்டால் செயலி என்ன செய்யும்?

எஸ்டோனியாவில் ஒரு நல்ல வழி வைத்திருக்கிறார்கள். அரசின் தரவுத் தளங்களில் உங்கள் தகவலை எந்த அலுவலகம், எப்போது திறந்து பார்த்தது என்பதைக் குடிமகன் தானே உள்ளே போய்ப் பார்க்கலாம். 2007-ல் வங்கிகளும் அரசு இணையதளங்களும் சேர்ந்து சைபர் தாக்குதலில் திணறியதைப் பார்த்த நாடு அது. நம் பட்டா, ரேஷன், ஓய்வூதியப் பதிவுகளுக்கும் இப்படி ஒன்று வந்தால், என் பெயரில் யாரோ விண்ணப்பித்தது அன்றே எனக்குத் தெரிந்துவிடும். இதைக் கிராம சபையிலும் எம்எல்ஏவிடமும் கேட்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

படி 5: அலுவலகக் கணினியே தாக்கப்பட்டால்

2021 செப்டம்பரில் தமிழக அரசின் தலைமைச் செயலகத்தில் ‘பொதுத் துறை’ என்ற துறையின் கணினிகளில் ரேன்சம்வேர் புகுந்து கோப்புகளைப் பூட்டியது. கிரிப்டோவில் 1,950 டாலர் கேட்டார்கள். 2022 நவம்பர் 23 அன்று டெல்லி எய்ம்ஸில் ஐந்து சர்வர்கள், ஏறக்குறைய 1.3 டெராபைட் தரவு இதேபோல் பூட்டப்பட்டன. நோயாளிப் பதிவைப் பல நாள் கையால் எழுதினார்கள். நெட்வொர்க்கைத் தனித்தனியாகப் பிரித்து வைக்காததே காரணம் என்று நாடாளுமன்றத்தில் அரசு சொன்னது. தாலுகா அலுவலகத்துக்கும் இதில் பாடம் உண்டு: ஒரு கணினியில் புகுந்தது எல்லாவற்றுக்கும் பரவ வழி இருக்கக் கூடாது.

திரையில் மிரட்டல் செய்தி வந்தால் முதலில் நெட்வொர்க் கேபிளைப் பிடுங்குங்கள், வைஃபையை அணையுங்கள். கணினியை ஃபார்மட் செய்யாதீர்கள், தடயம் போய்விடும். திரையைப் போனில் படம் எடுத்து மேலதிகாரிக்கும் மாவட்டத் தகவலியல் அலுவலருக்கும் தெரிவியுங்கள். 2022 ஏப்ரல் 28 உத்தரவுப்படி இப்படிப்பட்ட சம்பவத்தைத் தெரிந்துகொண்ட 6 மணி நேரத்துக்குள், சைபர் தாக்குதல்களைக் கவனிக்கும் மத்திய அரசின் செர்ட்-இன் அமைப்புக்குச் சொல்ல வேண்டும். அரசு அலுவலகங்களுக்கும் இது பொருந்தும். கணினியில் யார், எப்போது, என்ன செய்தார்கள் என்று காட்டும் லாக் பதிவுகளை 180 நாள் வைத்திருக்க வேண்டும். சிறிய அலுவலகத்துக்கு என் ஒரே வேண்டுகோள்: வாரம் ஒரு முறை முக்கியக் கோப்புகளைத் தனி ஹார்ட் டிஸ்கில் நகலெடுத்து, டிஸ்கைக் கழற்றி பீரோவில் வையுங்கள். செருகியே வைத்த டிஸ்கையும் ரேன்சம்வேர் பூட்டிவிடும்.

படி 6: உங்கள் பணமும் கைரேகையும்

அரசின் பெயரில் வரும் ஏமாற்றுகளுக்கு ஒரே முகம்தான்: "இன்றிரவு உங்கள் மின் இணைப்பு துண்டிக்கப்படும்", "கிசான் தவணைக்கு இந்தச் செயலியை இறக்குங்கள்", "போக்குவரத்து அபராதம்". வாட்ஸ்அப்பில் வரும் ஏபிகே கோப்பை, அதாவது போனில் செயலியை நிறுவும் கோப்பைத் தொடவே வேண்டாம். அரசுத் தளத்தின் முகவரி பெரும்பாலும் ஜிஓவி டாட் இன் என்றோ என்ஐசி டாட் இன் என்றோ முடியும். நடுவில் "ஜிஓவி" என்று இருந்து கடைசியில் வேறு ஏதாவது வந்தால் போலி. "டிஜிட்டல் கைது" என்று ஒன்று எந்தச் சட்டத்திலும் இல்லை.

பத்திரப் பதிவு ஆவணங்களில் இருக்கும் கைரேகையைப் படியெடுத்து, சிலிக்கான் ரேகை செய்து ஆதார் வழியாகப் பணம் எடுத்த வழக்குகள் தெலங்கானா, ஹரியானா போன்ற மாநிலங்களில் வந்திருக்கின்றன. இதற்கு ஓடிபியே தேவையில்லை. எம்ஆதார் செயலியில் பயோமெட்ரிக் பூட்டு இருக்கிறது. போட்டு வையுங்கள், தேவைப்படும்போது திறந்துகொள்ளலாம்.

பணம் போய்விட்டதா? கவலைப்படுவதை அப்புறம் வைத்துக்கொண்டு உடனே 1930-ஐ அழையுங்கள். பரிவர்த்தனை எண், நேரம், தொகை, உங்கள் கணக்கு எண் ஆகியவற்றைத் தயாராக வையுங்கள். பணம் வங்கியிலிருந்து வங்கிக்கு ஓடும் வழியில் அதை நிறுத்தி வைக்கும் ஏற்பாடு 2021 முதல் இருக்கிறது. ஆனால் முதல் ஒரு மணி நேரத்தில் சொன்னால் கிடைக்கும் வாய்ப்பு மறுநாள் சொன்னால் கிடைக்காது. பிறகு தேசிய சைபர் குற்றப் புகார் தளத்தில் எழுத்தில் பதிந்து ஒப்புகை எண்ணை வாங்குங்கள். வங்கிக்கும் எழுத்தில் கொடுங்கள். உங்கள் தவறு இல்லாமல், வங்கிக்கும் உங்களுக்கும் வெளியே நடந்த மோசடி என்றால், 3 வேலை நாளுக்குள் தெரிவித்தவருக்கு இழப்பு இல்லை என்பது 2017-ல் ரிசர்வ் வங்கி வகுத்த விதி. ஓடிபியை நீங்களே சொல்லியிருந்தால், வங்கிக்குச் சொல்லும் வரை நடந்த இழப்பு உங்களுடையது.

நிறுத்தி வைத்த பணம் தானாகத் திரும்பி வந்துவிடும் என்று பலர் காத்திருக்கிறார்கள். பல வழக்குகளில் மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தில் மனு போட்டு உத்தரவு வாங்க வேண்டியிருக்கும். மாவட்ட சைபர் கிரைம் காவல் நிலையத்துக்குப் போய், எந்த வங்கியில் எவ்வளவு நிறுத்தப்பட்டிருக்கிறது என்பதைக் கேட்டு வாங்குங்கள். ஒப்புகை எண், வங்கிக் கணக்கு அறிக்கை, அடையாள அட்டை மூன்றின் நகலையும் அந்த மனுவோடு இணைத்துக் கொடுங்கள்.